அப்பீல் நகல் மனுவில் தொடங்குகிறது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் காட்டு (விளைநிலத்து) வழியாகப் போகும் வண்டித்தடத்தை அடைக்கக் கூடாது என்று அப்பா முன்சீப் கோர்ட்டில் போட்ட வழக்கு பன்னிரண்டு நாளைக்கு முன் தள்ளுபடி ஆகிவிட்டது. எதிராளி வேலி போடப்போவதாகச் சொல்கிறார். அப்பீல் போட்டு ஸ்டே வாங்கச் சொல்கிறார்கள். அப்பீலில் வழக்கு முதலிலிருந்து நடக்குமா? வழக்கு முடிந்தபிறகு கையில் கிடைத்த 1968ஆம் வருடத்துப் பாகப்பத்திர நகலைக் காட்ட முடியுமா? எத்தனை கோர்ட் வரை போகலாம்?

நான் வக்கீல் இல்லை. சிவில் கோர்ட் ஊழியனாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். நகல் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து, கடைசியில் சிரஸ்தாராக (கோர்ட் அலுவலகத்தின் தலைமை ஊழியராக) ஓய்வு பெற்றேன். அதனால் என் பதில் சட்டப் புத்தகத்திலிருந்து வருவதைவிட, வழக்குக் கட்டுகளின் பின்பக்கத்திலிருந்து அதிகம் வரும்.

முதலில் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நகல் மனு, அதாவது தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்கும் மனு, போட்டாயிற்றா? நீங்கள் எழுதியதில் அந்தப் பேச்சே இல்லை. பலரும் தீர்ப்பு வந்ததும் வேறு வக்கீலைத் தேடுவார்கள், ஜோசியரைப் பார்ப்பார்கள், சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார்கள். நகல் மனு மட்டும் கடைசியில்தான் ஞாபகம் வரும். அப்பீலில் ஓடுகிற கடிகாரம் அந்த மனுவைச் சுற்றித்தான் ஓடுகிறது.

முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து சப் கோர்ட்டிலோ மாவட்ட கோர்ட்டிலோ அப்பீல் போட 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு நேரே போகிற சிவில் அப்பீல் என்றால் 90 நாள். 1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் வைத்த கணக்கு இது. தீர்ப்பு சொன்ன நாளைக் கழித்துவிட்டு அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நகல் வாங்குவதற்குத் தேவைப்பட்ட நாட்களையும் கழித்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது கழிவில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஜூன் 10 தீர்ப்பு. ஜூன் 14 நகல் மனு. ஜூலை 10 நகல் தயார். ஜூன் 11, 12, 13 ஆகிய மூன்று நாள் செலவு. 14 முதல் ஜூலை 10 வரை கழிவு. ஜூலை 11 அன்று நான்காவது நாள் தொடங்கி, ஆகஸ்ட் 6 அன்று முப்பதாவது நாள் முடிகிறது. இதே ஆள் ஜூலை 5 அன்று நகல் மனு போட்டு ஜூலை 30 அன்று நகல் தயாரானால்? ஜூலை 4 வரைக்கும் 24 நாள் கரைந்துவிட்டது. மிச்சம் ஆறே நாள், ஆகஸ்ட் 5 அன்று கெடு முடிகிறது. அந்த ஆறு நாளில் வக்கீல் தீர்ப்பைப் படித்து, அப்பீல் மனு எழுதி, கோர்ட் ஃபீஸ் கட்டி, தாக்கல் செய்ய வேண்டும். முப்பது நாளும் முடிந்தபிறகு நகல் மனு போட்டால் கழிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

நகலை வாங்கினால் கடைசிப் பக்கத்தின் பின்னால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, பேனாவால் தேதிகளை நிரப்பியிருப்பார்கள். மனு கொடுத்த தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, நகல் கொடுத்த தேதி. அப்பீல் கட்டு வந்ததும் நாங்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான், தீர்ப்பை அல்ல. கோர்ட் நகல் ஸ்டாம்ப் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்டபின் நீங்கள் தாமதமாகக் கட்டினால், அந்தத் தாமதம் உங்கள் கணக்கில் சேரும். தயாரான தேதிக்கும் கொடுத்த தேதிக்கும் நடுவில் விழும் நாட்களும் அப்படியே. ஒரு பெரியவர் தயாராக இருந்த நகலை நாற்பது நாள் கழித்து வந்து வாங்கி, நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, “நேத்துத்தானே கையில வந்துச்சு, இன்னிக்கிருந்துதானே முப்பது நாள்?” என்று கேட்டார். வீட்டில் கல்யாணமாம். அவருக்கு அதை விளக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் பன்னிரண்டு நாள் போயாயிற்று. நாளைக்கு மனு போட்டால், நகல் தயாரான பிறகு உங்களுக்குப் பதினெட்டு நாள் இருக்கும். இணையத்தில் இ-கோர்ட்ஸ் தளத்தில் தீர்ப்பு ஏறியிருந்தால், வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு இன்றைக்கே படிக்கலாம். ஆனால் அந்தப் பிரின்ட் சான்றிட்ட நகல் ஆகாது. படிப்பதற்கு அது, தாக்கலுக்கு இது.

கெடு தாண்டிவிட்டால் கதை முடிந்ததா என்றால், இல்லை. காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். இந்த மனுக்களோடு வரும் பிரமாண வாக்குமூலங்களைப் படித்திருந்தால் தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை வராத கட்சிக்காரரே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். எல்லோரும் மஞ்சள் காமாலையில் விழுந்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். உண்மையான காரணம் இருந்தால் அதையே எழுதுங்கள். அனந்தநாக் கலெக்டர் வழக்கில் 1987ல் உச்ச நீதிமன்றம் தாமத மனுக்களைத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது. 1998ல் பாலகிருஷ்ணன் வழக்கில், எத்தனை நாள் என்பதல்ல, சொல்லும் காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று சொல்லி 883 நாள் தாமதத்தையே மன்னித்தது. ஆனால் அதை நம்பிக்கொண்டு உட்காரக் கூடாது. தாமத மனுவுக்குத் தனி நம்பர், தனி நோட்டீஸ், தனி வாய்தா. அப்பீலுக்கு நம்பர் விழுவதற்கு முன்பே வருடக்கணக்கில் இழுத்துவிடும். அதற்குள் வேலி மட்டுமா, கிணறே வெட்டிவிடுவார்கள்.

சரி, ஸ்டே. இதில் உங்களுக்கு ஊரார் சொன்னது தப்பு. அப்பா வாதி. அவர் வழக்குத் தள்ளுபடி. அந்த டிகிரியில் (தீர்ப்பின்படி வரையும் உத்தரவில்), செலவுத்தொகை போட்டிருந்தால் அதைத் தவிர, எதிராளி நிறைவேற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை. நிறைவேற்ற எதுவும் இல்லாத டிகிரிக்கு எதை நிறுத்தி வைப்பது? வழக்கு நடந்தபோது இடைக்கால உறுத்துக்கட்டளை (இஞ்சங்ஷன், இதைச் செய்யாதே என்ற தடை உத்தரவு) வாங்கியிருந்தால் அதுவும் தீர்ப்போடு போய்விட்டது. நீங்கள் கேட்க வேண்டியது, அப்பீல் முடியும்வரை தடத்தை அடைக்கக் கூடாது என்று அப்பீல் கோர்ட்டிலேயே புதிதாக ஓர் இடைக்கால உறுத்துக்கட்டளை. அப்பீலோடு சேர்த்து அதற்கு ஓர் ஐ.ஏ. (இடைக்கால மனு) போட வேண்டும். முதல் தடவை கேட்டதைவிட இப்போது கடினம். ஒரு கோர்ட் முழு விசாரணை நடத்தி உங்களுக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதனால் அட்வகேட் கமிஷனர் (இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் அனுப்பும் வக்கீல்) அறிக்கையில் தடம் இருப்பதாக எழுதியிருந்தால், அந்தப் பத்தியை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். இன்றைய நிலையில் தடம் எப்படி இருக்கிறது, வண்டிச்சக்கரத் தாரை தெரிகிறதா என்று தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். எதிராளி கேவியட் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் அவருக்குத் தெரிவிக்காமல் அவசர உத்தரவு கிடைக்காது. கேவியட்டின் ஆயுள் 90 நாள்.

ஸ்டே என்ற வார்த்தைக்கு வேலை இருப்பது அப்பா பிரதிவாதியாக இருந்து தோற்றிருந்தால். காலி செய், பணம் கொடு, சுவரை இடி என்று டிகிரி வந்தால், அப்பீல் போட்டதாலேயே அது நின்றுவிடாது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 41ஆவது கட்டளை, 5ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. அப்பீல் நம்பர் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த வீட்டுக்கு இ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) நோட்டீசோடு அமீனா (கோர்ட் சேவகர்) வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தனியாக மனுப் போட்டு, நிறுத்தாவிட்டால் பெரிய நஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும், பாதுகாப்பும் (பணமோ ஜாமீனோ) கொடுக்க வேண்டும். அப்பீல் கெடு முடியும்முன், தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பண டிகிரி என்றால் தொகையில் ஒரு பகுதியையாவது கட்டச் சொல்வார்கள். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யும் உத்தரவுக்கு ஸ்டே கேட்டால், பழைய வாடகையில் இல்லாமல் சந்தை வாடகையில் கட்டச் சொல்லி நிபந்தனை போடலாம் என்று 2004 கடைசியில் ஆத்மாராம் பிராப்பர்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதம் ஆனால் ஸ்டே தானாகக் காலாவதி ஆகிவிடும் என்று 2018ல் ஒரு தீர்ப்பு வந்து எல்லோரையும் ஓட விட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இன்னமும் பழைய கதையைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. வழக்கு முதலிலிருந்து நடக்குமா?

நடக்காது. சாட்சிக் கூண்டில் யாரும் மறுபடி ஏற மாட்டார்கள். கீழ்க்கோர்ட்டிலிருந்து கட்டு மேலே போகும். வழக்குரை, எதிர்வழக்குரை, வா.சா.1 (வாதியின் முதல் சாட்சி) சொன்னது, பி.சா.1 (பிரதிவாதியின் முதல் சாட்சி) குறுக்கு விசாரணையில் ஒத்துக்கொண்டது, வா.சா.ஆ.1, வா.சா.ஆ.2 என்று குறியிட்ட வாதி தரப்பு ஆவணங்கள், கமிஷனரின் வரைபடம், கடைசியில் தீர்ப்பு. இந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு இரண்டு வக்கீல்களும் வாதாடுவார்கள். நீதிபதி முன்பு இருப்பது உங்கள் சண்டை மட்டுமல்ல, அந்தச் சண்டையைப் பற்றி இன்னொரு நீதிபதி எழுதிய தீர்ப்பும். அது சரியா என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

அதற்காக முதல் அப்பீலைக் குறைத்து எண்ணவும் வேண்டாம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 96ஆம் பிரிவில் வருகிற இந்த முதல் அப்பீல் உங்கள் உரிமை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உண்மை விவரம், சட்டம் இரண்டையும் அப்பீல் கோர்ட் புதிதாக எடை போடலாம், போடவும் வேண்டும். எந்தப் பிரச்சினைகளை முடிவு செய்ய வேண்டும் என்று தானே குறித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். “கீழ்க்கோர்ட் சொன்னது சரி” என்று ஒரு பத்தியில் முடிப்பது முறையான தீர்ப்பு ஆகாது என்பதை 2001ல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரே ஒரு விஷயத்தில் மேல்கோர்ட் தயங்கும். சாட்சி சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதி. இரண்டு சாட்சிகளில் யாரை நம்புவது என்பதை மட்டுமே வைத்து அப்பீல் போனால் சிரமம். ஆவணம் பேசுகிற இடத்தில் போனால் மேடை சமம், காகிதம் இருவருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால்தான் அப்பீல் மனு எழுதும் முன் தீர்ப்பை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்கிறேன். வக்கீல் படிப்பார், நீங்களும் படியுங்கள், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பத்தியில் தோற்றோம் என்று பென்சிலால் கோடு போடுங்கள். எத்தனையோ அப்பீல் மனுக்களில் முதல் காரணம் இப்படித்தான் இருக்கும்: “கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டத்துக்கும், சாட்சியங்களின் எடைக்கும், வழக்கின் நிகழ்தகவுகளுக்கும் முரணானது.” பிள்ளையார் சுழி மாதிரி. அந்த வரியால் ஜெயித்த அப்பீலை நான் பார்த்ததில்லை. “நீதிபதி எங்களை ஏமாற்றிவிட்டார், எதிராளி பணம் கொடுத்துவிட்டார்” என்பதும் காரணம் ஆகாது. எந்த ஆவணத்தைப் பார்க்காமல் விட்டார், எந்தச் சாட்சியத்தைத் தப்பாகப் படித்தார், எந்தச் சட்டத்தை மாற்றிப் பொருத்தினார் என்று விரல் வைத்துக் காட்டுவதுதான் காரணம்.

உங்கள் தீர்ப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் தட வழக்குகள் பெரும்பாலும் ஒரே பள்ளத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். “வாதியின் காட்டுக்கு வடபுறம் வேறொரு வழி இருக்கிறது, ஆகவே இந்தத் தடத்தில் உரிமை இல்லை” என்று ஒரு பத்தி வரும். உங்கள் தீர்ப்பிலும் அது இருக்கிறதா என்று தேடுங்கள். 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தில் வழியுரிமை பல விதமாக வருகிறது. வேறு வழியே இல்லாததால் வருவது அவசியத்தின் பேரில் வருவது. மாற்று வழி வந்ததும் அந்த அவசியம் தீர்ந்துவிடும், உரிமையும் போய்விடும். இருபது வருடம் தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு நடந்து வருவது இன்னொன்று. பத்திரத்தில் எழுதிக் கொடுத்து வருவது வேறொன்று. எழுதிக் கொடுத்த தடத்தை, உங்களுக்கு இப்போது தார் ரோடே பக்கத்தில் வந்துவிட்டாலும், அதை மட்டும் சொல்லிப் பறிக்க முடியாது. அவசிய வழிக்கான அளவுகோலை எழுதிக் கொடுத்த வழிக்கு வைத்து அளந்திருந்தால், அது அப்பீலில் நின்று பேசக்கூடிய சட்டப் பிழை.

இங்கேதான் அந்த 1968 பாகப்பத்திரம் வருகிறது. அதில் சொத்து விவரத்தின் கடைசியில் “மாமூல் வண்டித்தடப் பாத்தியம் சகிதம்” என்று இருக்கிறதா பாருங்கள். பழைய பத்திரம் எழுதியவர்கள் நான்கெல்லை சொல்லிவிட்டு, கிணறு, கமலை, மரம், தடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குவார்கள். கண் வழுக்கிப் போய்விடும். எந்தப் பாகத்தின் ஊடாக, எத்தனை அடி அகலத்தில், யார் யாருக்கு என்று எழுதியிருந்தால் இன்னும் பலம். எதிராளி அதே குடும்பத்தில் இன்னொரு பாகஸ்தரிடமிருந்து வாங்கியவரா என்பதும் முக்கியம். அவர் பத்திரத்தையும் வாங்கிப் பாருங்கள்.

ஆனால் அதை அப்பீலில் காட்டுவது சுலபமில்லை. கீழே விட்டதை மேலே கொண்டுவந்து ஒட்டவைக்க முடியாது என்பதுதான் பொது விதி. விலக்கு 41ஆவது கட்டளையின் 27ஆம் விதியில் இருக்கிறது. கீழ்க்கோர்ட் வாங்க வேண்டிய ஆவணத்தை வாங்க மறுத்திருக்க வேண்டும். அல்லது எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்கவில்லை, தெரியவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். அல்லது இது இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அப்பீல் கோர்ட்டே நினைக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்கிறேன்: “பதிவு செய்த பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டால் கிடைத்திருக்கும். வழக்கு நடந்த அத்தனை வருடமும் தூங்கிக்கொண்டிருந்துவிட்டு இப்போது வருகிறார்கள்.” இதற்கு உங்களிடம் நேர்மையான பதில் வேண்டும். மூலப்பத்திரம் பெரியப்பா வீட்டுப் பெட்டியில் இருந்ததா, அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்ததா, அப்படியானால் தேதியோடு அதை எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருந்தது என்றால் அதை மறைத்துக் கதை கட்டாதீர்கள், குறுக்கு விசாரணைக்கு அழைத்தால் உடைந்துவிடும். பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் பதிவு அலுவலகத்தில் இன்றே கேட்டு வையுங்கள்.

இன்னொரு முள்ளும் இருக்கிறது. அப்பா போட்ட வழக்குரையில் என்ன எழுதியிருக்கிறது? பாகத்தின் வழியாகக் கிடைத்த தடம் என்று ஒரு வரியாவது இருந்தால் இந்தப் பத்திரம் அந்த வரிக்கு ஆதாரம். “வேறு வழி இல்லை, அதனால் போகிறோம்” என்று மட்டும் எழுதியிருந்தால், பத்திரம் வந்தும் பயனில்லை. சொல்லாத வழக்குக்குச் சாட்சியம் பார்க்க மாட்டார்கள். அப்போது வழக்குரையைத் திருத்தவும் மனு வேண்டியிருக்கும், அதற்கும் ஏன் முன்பே செய்யவில்லை என்ற கேள்வி வரும். முதல் வேலையாக வழக்குரை நகலை எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அப்பீல் முடிவு நாலு விதத்தில் வரும். தீர்ப்பை உறுதி செய்யலாம், ரத்து செய்து உங்களுக்கு டிகிரி கொடுக்கலாம், கொஞ்சம் மாற்றலாம், திரும்பக் கீழ்க்கோர்ட்டுக்கே அனுப்பலாம். இந்தக் கடைசியை ரிமாண்ட் என்பார்கள். கட்சிக்காரர்கள் ஜெயித்துவிட்டதாக ஸ்வீட் வாங்கி வருவார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பழைய ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பரிலேயே கட்டு மறுபடி கீழே இறங்கி, மறுபடி வாய்தா, மறுபடி ஒரு தீர்ப்பு, மறுபடி ஓர் அப்பீல். ஆகவே “ரிமாண்டாவது வாங்கிக் கொடுங்கள்” என்று வக்கீலை நெருக்காதீர்கள்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பீலில் எந்த அளவுக்குச் சண்டையோ அந்த அளவுக்கு, கீழே கட்டிய அதே விகிதத்தில் கோர்ட் ஃபீஸ். பண வழக்குகளில் முன்பு ஏழரை சதவீதமாக இருந்ததை 2017ல் மூன்று சதவீதமாகக் குறைத்தார்கள். உங்களைப் போன்ற உறுத்துக்கட்டளை வழக்கில், வழக்குரையில் போட்ட மதிப்பைப் பொறுத்துச் சிறிய தொகைதான் வரும். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும்.

எத்தனை கோர்ட் வரை? அடுத்த படி உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது அப்பீல். தென் மாவட்டமாக இருந்தால் 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளை, இல்லாவிட்டால் சென்னை. கெடு 90 நாள். இந்தப் படியில் வாசல் குறுகிவிடும். 1976 திருத்தத்துக்குப் பிறகு, அதே விசாரணை முறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, கணிசமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் அனுமதி. தடம் இருந்ததா இல்லையா, கமிஷனர் அளந்தது பத்தடியா எட்டடியா என்பதையெல்லாம் அங்கே கேட்க மாட்டார்கள். கீழே இரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி சொல்லியிருந்தால் இன்னும் கஷ்டம். பத்திரத்தின் ஷரத்துக்குத் தப்பான பொருள் கொண்டார்கள், அவசிய வழியையும் எழுதிக் கொடுத்த வழியையும் குழப்பினார்கள் என்பது போன்றவை எடுபடலாம். கேள்வியை நீதிபதி எழுத்தில் வடித்த பிறகுதான் விசாரணை. பணம் வசூல் வழக்கில் தொகை 25,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் இரண்டாவது அப்பீலே கிடையாது. இன்னொரு சின்ன விஷயம், உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பதால் உங்கள் தமிழ்ப் பத்திரங்களை மொழிபெயர்த்து டைப் செட் (தட்டச்சு செய்த தொகுப்பு) போட வேண்டும். “பாத்தியம்” என்ற சொல்லை மொழிபெயர்ப்பவர் எப்படி எழுதுகிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒரு சொல்லில் வழக்கு சாயும்.

அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 136ஆவது பிரிவில் சிறப்பு அனுமதி மனு. அது அப்பீல் இல்லை, அப்பீல் போட அனுமதி கேட்கும் மனு. பெரும்பாலான மனுக்கள் சில நிமிடத்தில் முடிந்துவிடும். காரணம் எழுதாமல் தள்ளுபடி செய்தால், கீழ்த்தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாக அர்த்தமில்லை என்று 2000ல் குன்ஹயம்மது வழக்கில் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் உங்கள் தடத்துக்கு இரண்டும் ஒன்றுதான், பாதை முடிந்துவிட்டது. நம் பக்கத்தில் கடைசி வரை போய் ஜெயித்த கதை கேட்க வேண்டுமானால் சிவகங்கை ஜமீன் வழக்குதான். 1829ல் ஜமீன்தார் இறந்ததில் தொடங்கிய வாரிசுச் சண்டையில், மகள் காத்தம நாச்சியார் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863ல் ஜெயித்தார். முப்பத்துநாலு வருடம். அது ஒரு ஜமீன். உங்களுடையது ஒரு வண்டித்தடம் என்பதை மறக்க வேண்டாம். எந்தப் படியில் நிறுத்துவது என்று முதல் படியிலேயே அப்பாவோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பேப்பரில் “சீராய்வு மனு” என்று படித்துவிட்டு அதையும் போடலாமா என்று கேட்பார்கள். அந்த ஒரு சொல்லை இரண்டு வேறு விஷயத்துக்கும் எழுதிக் குழப்புகிறார்கள். தீர்ப்புச் சொன்ன அதே நீதிபதியிடம், கண்ணுக்கு முன் தெரிகிற பிழையைத் திருத்தக் கேட்பது ஒன்று, கெடு 30 நாள். அப்பீலுக்கு வழியில்லாத இடைக்கால உத்தரவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் சி.ஆர்.பி. (சிவில் சீராய்வு மனு) இன்னொன்று. உங்களுக்கு நேரடி அப்பீல் இருக்கிறபோது இரண்டும் வேண்டாம்.

கிரிமினல் வழக்கு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாஜிஸ்திரேட் தண்டனைக்கு செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாள், செஷன்ஸ் தண்டனைக்கு உயர் நீதிமன்றத்தில் 60 நாள், கூடவே தண்டனையை நிறுத்தி வைக்க மனு. மாவட்ட நுகர்வோர் ஆணையத் தீர்ப்புக்கு 45 நாள், அதிலும் கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் எதிராளி மேலே போக முடியும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கெடு, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வயதாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்பீல் நடக்கும்போது கட்சிக்காரர் யாராவது இறந்துபோனால், எந்தத் தரப்பானாலும், வாரிசுகளைச் சேர்க்க 90 நாள்தான் கெடு. விட்டால் அப்பீல் அற்றுப்போகும், அப்புறம் அதை எழுப்ப வேறு மனு. எதிராளி வீட்டில் துக்கம் நடந்தால் நீங்கள்தான் உங்கள் வக்கீலுக்குச் சொல்ல வேண்டும், பேப்பர் பார்த்து அவர் தெரிந்துகொள்ள மாட்டார். இதில் போன அப்பீல்கள் ஏராளம்.

நாளை காலை பத்தரைக்கெல்லாம் கோர்ட்டில் இருங்கள். தீர்ப்புக்கும் டிகிரிக்கும் சேர்த்து நகல் மனு, வழக்குரைக்கும் கமிஷனர் அறிக்கைக்கும் இன்னொன்று. வேலி அவசரம் என்றால் அதை மனுவிலேயே எழுதி, விரைவாகத் தரச் சொல்லிக் கேட்கலாம். மனு நம்பரை உங்கள் கைப்பட எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அந்த அறிவிப்புப் பலகையில் உங்கள் நம்பர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். குமாஸ்தா பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள், அவரிடம் உங்களைப் போல நாற்பது நம்பர் இருக்கும்.